ஈஸ்ட்ரோஜன்: அமிர்தமும் இல்ல, விஷமும் இல்ல

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: நான் டாக்டர் இல்லை. படிச்சதை வெச்சு என் கருத்தைச் சொல்றேன், அவ்வளவுதான்.

எங்க அக்காவுக்கு 51 வயசு. போன மாசம் போன்ல, "ராத்திரியெல்லாம் உடம்பு எரியுதுடா. ஃபேனுக்கு அடியில படுத்தாலும் வேர்த்து ஊத்துது. டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதறேங்கறார். எதிர்வீட்டு அம்மா, அது ஹார்ட் அட்டாக் கொண்டுவரும்ங்கறாங்க. யாரை நம்பறது?"ன்னு கேட்டா. எதிர்வீட்டு அம்மா சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு.

ரத்தக்குழாயோட உள்பக்கம் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் இருக்கு. ஈஸ்ட்ரோஜன் அதைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வைக்குது. குழாய் இளகி விரியுது. மாதவிடாய் நின்னதும் ஈஸ்ட்ரோஜன் குறையுது, குழாய் விறைக்குது, கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுது.

அப்போ போனதைத் திருப்பிக் குடுத்தா சரியாப் போச்சு! அப்படித்தான் அமெரிக்காவில் நினைச்சாங்க. 1966ல ராபர்ட் வில்சன் 'ஃபெமினைன் ஃபாரெவர்'னு ஒரு புத்தகமே எழுதி ஈஸ்ட்ரோஜனை இளமை மருந்தாக்கினார். 1976ல ஆரம்பிச்ச நர்ஸ்கள் ஆய்விலும், ஹார்மோன் எடுக்கறவங்களுக்கு இதயநோய் கம்மின்னு வந்தது. ஆனா அதை எடுத்துக்கிட்டவங்க பெரும்பாலும் ஏற்கெனவே உடம்பைப் பார்த்துக்கறவங்க. காப்பாத்தினது மாத்திரையா, அந்த அக்கறையா?

2002 ஜூலையில் பதில் வந்தது. விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வு, 16,608 பெண்கள். பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, பாதிப் பேருக்கு வெத்து மாத்திரை. மருந்து எடுத்தவங்கள்ல, வருஷத்துக்கு 10,000 பேருக்கு 7 பேருக்குக் கூடுதலா இதயநோய், 8 பேருக்குப் பக்கவாதம், 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினாங்க. பயந்துபோய் ஏகப்பட்ட பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டாங்க.

கவனிக்காம விட்டது ஒண்ணு உண்டு. அந்த ஆய்வில் சேர்ந்தவங்களோட சராசரி வயசு 63. மாதவிடாய் நின்னு பல வருஷம் ஆனவங்க, குழாயில் கொழுப்புப் படிய ஆரம்பிச்சிருக்கக்கூடியவங்க. 2016ல வெளியான எலைட் ஆய்வு 643 பெண்களை ரெண்டாப் பிரிச்சுப் பார்த்தது. மாதவிடாய் நின்னு 6 வருஷத்துக்குள்ள ஈஸ்ட்ரோஜன் ஆரம்பிச்சவங்களுக்குக் கழுத்து ரத்தக்குழாய்ச் சுவர் தடிக்கிற வேகம் குறைஞ்சது. 10 வருஷம் தாண்டி ஆரம்பிச்சவங்களுக்கு ஒரு பலனும் இல்லை. அதே மருந்து, குழாயோட வயசுதான் வேற. ஆனா இது சுவரை அளந்த ஆய்வுதான், மாரடைப்பை எண்ணினது இல்லை.

2025 நவம்பரில் அமெரிக்க எஃப்டிஏ, இந்த மருந்துகளோட அட்டையில் இருக்கற இதயநோய் எச்சரிக்கையை எடுக்கப் போறதா அறிவிச்சது. மறுபடி 'அமிர்தம்'னு கிளம்பிடுவாங்களோன்னுதான் எனக்குப் பயம். இதயத்தைக் காப்பாத்தணும்னு மட்டும் இதை எடுக்கறது தப்பு. 60 வயசுக்குள்ள, உடம்பு எரிச்சல் தாங்கலை, ரத்தக்கட்டி, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் எதுவும் வந்ததில்லைன்னா டாக்டர்கிட்ட தாராளமாப் பேசலாம். அக்காகிட்டயும் இதைத்தான் சொன்னேன்.

எனக்குக் கோபம் வந்த விஷயம் வேற. அக்கா மூணு தடவை அந்த டாக்டரைப் பார்த்திருக்கா. மாத்திரை வேணுமா வேணாமான்னு பேசினாரே தவிர, ஒருதடவைகூட பிரஷர் பார்க்கலை. நான் நச்சரிச்சு வேற இடத்துல பார்க்க வெச்சேன். 156/98. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தாலும் அதேதான். அக்காவோட ரத்தக்குழாய்க்கு உடனடி ஆபத்து ஹார்மோன் மாத்திரை இல்லை, யாருமே பார்க்காத இந்தப் பிரஷர்.

நம்ம வீடுகள்ல அப்பாவுக்கு லேசா நெஞ்சு வலிச்சா ஈசிஜி. அம்மாவுக்கு வலிச்சா கேஸ் டிரபிள், ஒரு சோடா. மாதவிடாய் நின்னா 'தொல்லை விட்டுச்சு'ன்னு நிம்மதி ஆயிடறோம். ரத்தக்குழாய்க்கு அங்கதான் புதுக் கணக்கு ஆரம்பிக்குது. 45 வயசுக்கு முன்னாடி ரெண்டு சினைப்பையையும் எடுத்தவங்களுக்கு அது இன்னும் சீக்கிரமே ஆரம்பிச்சுடுது.

உங்க அம்மாவுக்கோ அக்காவுக்கோ கடைசியா எப்போ பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் பார்த்தீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. தெரியலைன்னா, முதல்ல வீட்டுக்கு ஒரு போன் போடுங்க.