காளானுக்குப் பெயர் வைக்க டி.என்.ஏ. மட்டும் போதுமா?

லண்டன் கடையில் வாங்கிய ஒரு பொட்டலம் போர்சினி உலர்காளானில் 15 துண்டுகளை எடுத்து, கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் டி.என்.ஏ. சோதனை செய்தார்கள். மூன்று இனங்கள் தென்பட்டன. மூன்றுக்குமே அதுவரை அறிவியல் பெயர் கிடையாது. சீனாவிலிருந்து வந்த அவற்றுக்கு 2014-இல் பெயர் சூட்டப்பட்டது.

இப்படிப்பட்ட வெற்றிகள் ஓர் ஆசையைத் தூண்டுகின்றன. உலகில் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. பெயர் பெற்றவை ஏறத்தாழ ஒன்றரை லட்சம்தான். மண்ணை அள்ளிச் சோதித்தால், யாரும் கண்ணால் பார்த்திராத பூஞ்சைகளின் டி.என்.ஏ. வரிசைகள் கொட்டுகின்றன. அந்த வரிசையையே மூலமாதிரியாக, அதாவது பெயருக்கு ஆதாரமாகப் பாதுகாக்கப்படும் மாதிரியாக, ஏற்றுப் பெயர் வைத்தால் என்ன? 2018-இல் பியூர்டோ ரிக்கோவில் கூடிய பன்னாட்டுப் பூஞ்சையியல் மாநாட்டின் முன் இந்த யோசனை வந்தது, ஏற்கப்படவில்லை. அது சரியான முடிவு.

டி.என்.ஏ.வின் பலத்தை யாரும் மறுக்கவில்லை. 2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ், நுண்ணோக்கியில் மற்ற ஈஸ்ட்டுகளைப் போலவே முட்டை வடிவச் செல்தான். வழக்கமான ஆய்வகக் கருவிகள் அதை வேறு கேண்டிடாவாகக் காட்டின. இந்திய மருத்துவமனைகளிலும் இதே குழப்பம் நேர்ந்தது. பல மருந்துகளுக்கு மசியாத கிருமி என்பதால் அடையாளம் மாறினால் உயிருக்கே ஆபத்து. அங்கே டி.என்.ஏ.தான் கைகொடுத்தது.

ஆனால், பூஞ்சைகளை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கப்படும் ஐ.டி.எஸ். பகுதி சுமார் 600 எழுத்துகள் கொண்டது. ஆஸ்பர்ஜில்லஸ், பியூசேரியம் போன்றவற்றில் நெருங்கிய இனங்களைப் பிரிக்க அது போதாது. வேறு மரபணுக்களையும் படிக்க வேண்டும். தரவுத்தளங்களில் தப்பான பெயரோடு கிடக்கும் வரிசைகளும் ஏராளம். உடற்கூறு சொல்லும் சேதியே வேறு. பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, அயோடின் கலவையை ஒரு சொட்டு விட்டால் சில இனங்களின் வித்துகள் கருநீலமாகின்றன. சிலவற்றில் நிறம் மாறுவதில்லை. வித்தின் நீளம், மேற்பரப்பின் முள், அதைத் தாங்கும் செல்லின் வடிவம் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பூஞ்சை எப்படி வாழ்கிறது, எப்படிப் பரவுகிறது என்று காட்டுகின்றன.

டி.என்.ஏ. வாசிக்கும் கருவிக்குப் பணம் ஒதுக்கும் நம் நிறுவனங்கள், சீவல் எடுக்கத் தெரிந்தவர்களுக்கும் உலர்மாதிரிக் காப்பகங்களுக்கும் ஒதுக்க வேண்டும். வரிசையில் பிழை இருந்தால் மாதிரியை எடுத்து மறுபடி சோதிக்கலாம். மாதிரியே இல்லாத பெயரை எதை வைத்துத் திருத்துவது?