அலைக்கற்றை என்ன மனைக்கட்டா?

2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததிலிருந்து நம்மவர்களுக்கு ஒரே பாட்டுதான்: அலைக்கற்றை என்றால் ஏலம், ஏலம் என்றால் கஜானா. விற்பதாக இருந்தால் ஏலம்தான் ஒழுங்கு. அதில் எனக்குத் தகராறு இல்லை. வாங்கியவர் வேலி போட்டுப் பூட்டி வைக்கலாம் என்பதுதான் பொறுக்கவில்லை. மனை சும்மா கிடந்தாலும் நாளைக்கு இருக்கும். இன்று காலை யாரும் பேசாமல் போன அலைவரிசையை மாலையில் எடுத்துச் செலவழிக்க முடியுமா?

பங்கிட்டால் குழப்பம் வரும் என்கிறார்கள். நம் வீட்டு வைஃபை எதில் ஓடுகிறதாம்? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதிக்கு 2018-லும் உரிமம் வேண்டாம் என்று நம் அரசே அறிவித்தது. மாடி வீடு, எதிர்வீடு, டீக்கடை எல்லாம் அதே காற்றில்தான். வேறு யாராவது பேசுகிறார்களா என்று கருவி முதலில் காது கொடுக்கும், பேசினால் பொறுத்திருக்கும்.

கூட்டம் கூடினால் இரைச்சல் உண்டு, மறுக்கவில்லை. அதற்கும் வழி உண்டு. கோபுரம் இல்லாமல் கருவிக்குக் கருவி தகவல் கைமாறும் வலையமைப்புகளுக்காக, பிரான்சின் இன்ரியா நிறுவனத்தார் உருவாக்கிய ஓஎல்எஸ்ஆர் என்ற முறை 2003-ல் வெளியானது. (பிரெஞ்சில் படித்தவனுக்கு ஒரு சின்னப் பெருமை, மன்னியுங்கள்.) எந்த வழியாகப் போகலாம் என்ற விவரத்தைக் கேட்ட கருவியெல்லாம் திரும்பக் கூவினால் மீன் மார்க்கெட்தான். ஆகவே ஒவ்வொரு கருவியும் அண்டையில் உள்ள சிலரை மட்டும் அஞ்சல்காரராக வைத்துக்கொள்ளும். அடுத்த வட்டத்தில் உள்ள அத்தனை பேரையும் அந்தச் சிலரே எட்டிவிடும்படி பார்த்துத் தேர்ந்தெடுக்கும். மற்றவர்கள் கேட்பதோடு சரி. எங்கள் ஆபீசில் சுற்றறிக்கை பிரிவுக்கு ஒரு பிரதிதான் போகும். ஆளுக்கொன்று அடித்தால் காகிதம் தாங்குமா?

அமெரிக்காவில் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கடற்படை ராடாருக்கு உரியது. 2015-ல் அதையே மற்றவர்களுக்கும் திறந்துவிட விதி செய்தார்கள். கடற்படைக்கு முதலிடம், பணம் கட்டியவருக்கு அடுத்த இடம், காலியாக இருந்தால் கட்டாதவரும் பயன்படுத்தலாம். ராடார் வந்தால் கம்ப்யூட்டர் மற்றவர்களை ஒதுக்கிவிடும். போர்க்கப்பலே இடம் கொடுக்கிறது, நம் ஊர் செல்போன் கம்பெனிக்கு மட்டும் என்ன தனி கௌரவம்?

கோபுரம் வைக்காத ஊரில் கம்பெனியின் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் ஊரார் பயன்படுத்தட்டும். கம்பெனி வந்து கோபுரம் நட்டால் அன்றே விலகிக்கொள்ளட்டும். அடுத்த ஏல அறிவிப்பில் இந்த ஒரு ஷரத்தைச் சேர்க்க அரை பக்கம் போதும்.