நாவல் என்று எழுதினால் போதுமா?

ஜூன், ஜூலையில் சென்னை வானகரம் தாண்டி கோயம்பேடு வரை சாலையோரத்தில் நாவல்பழம் குவிந்திருக்கும். நீளமாக, சதை திரண்ட பழம் ஒரு விலை; சிறுத்து உருண்டு, கொட்டையே பெரிதாக இருக்கும் பழம் இன்னொரு விலை. ஆனால் மரக் கணக்கெடுப்புப் படிவத்தில் இரண்டும் வெறும் ‘நாவல்’தான்.

இந்தப் படிவம்தான் என் கவலை. சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் வளரும் பூக்கும் தாவரங்களைத் தொகுத்து 1929-லேயே மயூரநாதன் எழுதிய நூலை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. எந்த இனங்கள் இங்கே இருந்தன என்பதை அறிய அது போதும். ஓர் இனத்துக்குள் மரத்துக்கு மரம் என்ன வேறுபாடு என்பதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

இனத்தைப் பிரித்தறிவதே பலருக்குத் தடுமாற்றம். விளாவையும் வில்வத்தையும் மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. இரண்டும் எலுமிச்சைக் குடும்பம்; இரண்டிலும் முள், ஓட்டுப்பழம். வில்வத்துக்கு மூன்று சிற்றிலை, வழவழப்பான ஓடு. விளாவுக்கு ஐந்து முதல் ஏழு சிற்றிலை, கசக்கினால் சோம்பு வாசனை, சாம்பல் படிந்தாற்போன்ற சொரசொரப்பு ஓடு. அடுத்த படி இன்னும் நுட்பமானது: பழத்தின் நீள அகலம், எடை, ஓட்டின் கனம், சதைக்கும் விதைக்கும் உள்ள விகிதம், இனிப்பு, முள்ளின் அளவு, பூக்கும் மாதம். மண்ணும் மழையும் பழத்தின் அளவை மாற்றும் என்பதால் ஒரு பருவத்தில் அளந்ததை வைத்து முடிவுகட்டக் கூடாது.

இப்படித் தேடியதால் பலன் கிடைத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பஹடோலி கிராமத்து நாவலிலிருந்து தாபோலி வேளாண் பல்கலைக்கழகம் ‘கொங்கண் பஹடோலி’ ரகத்தைத் தந்தது. குஜராத்தின் கோத்ரா தோட்டக்கலை ஆய்வு மையம் முள்ளில்லாத ‘கோமா யாஷி’ வில்வத்தைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் இவை தோட்டக்காரரின் தேர்வுகள்; பழம் பெரிதா, பறிக்க எளிதா என்று பார்த்தவை. சித்த மருத்துவம் நீரிழிவுக்கு நாவல் கொட்டையைப் பொடித்துத் தருகிறது. அப்படியானால் வியாபாரி ஒதுக்கும் கொட்டை பெருத்த பழத்தையும் எழுதிவைக்காமல் எப்படி விடுவது? அதில் மருந்துச்சத்து எவ்வளவு என்று சோதிக்கவாவது அந்த மரம் நிற்க வேண்டும்.

வெட்டிய மரத்துக்குப் பத்துக் கன்று என்ற ஈடு இங்கேதான் பொய்த்துப்போகிறது. நாற்றங்காலிலிருந்து வரும் பத்தும் வேறு தாய்மரத்தின் பிள்ளைகள். சாலை விரிவாக்கத்துக்கு விழும் மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்தால் மட்டுமே அதன் குணம் மிஞ்சும். எந்த மரத்தில் எடுப்பது என்று தெரிய, அதை முன்பே அளந்திருக்க வேண்டும்.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்க வழிசெய்திருக்கிறது. வானகரம், அயப்பாக்கம், திருவேற்காடு பதிவேடுகளில் ஒவ்வொரு நாவல், விளா, வில்வம், நெல்லிக்கும் இருப்பிடம், மேற்சொன்ன அளவுகள், படம் ஆகியவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கலாம். அளக்கக் கல்லூரித் தாவரவியல் மாணவர்கள் போதும். நாவல் கொட்டையைச் சோதிக்க அரும்பாக்கத்தில் சித்த மருத்துவ மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாவல் காய்க்கும் ஜூனில் தொடங்கினால், விநாயகர் சதுர்த்திக்கு விளாம்பழம் வரும்போது இரண்டாம் சுற்று போகலாம்.