வாடகைக் காரில் குழந்தை இருக்கை

எப்போதாவது வாடகைக் காரில் ஏறும் குடும்பங்களுக்கு, மடித்து எடுத்துச் செல்லும் குழந்தை இருக்கை பெரிய உதவி. ஆனால் எதை வாங்குவது என்பதைக் குழந்தையின் எடையும் உயரமுமே தீர்மானிக்க வேண்டும். பையில் அடங்குமா என்பது அடுத்த கேள்வி. 15 மாதம் நிறையாத குழந்தை பின்னோக்கிய இருக்கையில்தான் பயணிக்க வேண்டும் என்கிறது ஐ.நா.வின் ஆர்129 விதி. கழுத்து உறுதிப்படாத வயதில், மோதலின் வேகத்தை முதுகு முழுவதும் தாங்கியாக வேண்டும்.

காற்றடைக்கும் பூஸ்டரும் மடிப்பு பூஸ்டரும் வளர்ந்த பிள்ளைகளுக்கானவை. கார் பெல்ட்டைத் தோளிலும் இடுப்பெலும்பிலும் சரியாகப் படிய வைப்பதே அவற்றின் வேலை. இடுப்பு பெல்ட் மட்டுமுள்ள இருக்கையில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. பல வாடகைக் கார்களில் பெல்ட் கொக்கியே சீட் உறைக்குள் புதைந்து கிடக்கிறது! குழந்தை இருக்கை என்று மலிவாக விற்கும் துணி மெத்தைகளில், இந்தியத் தரமான ஏஐஎஸ்-072, ஐ.நா. விதிகளான ஆர்44, ஆர்129 ஆகியவற்றுள் ஒரு சான்றாவது இல்லையென்றால் வாங்கவே கூடாது.

இந்தியாவின் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்டவர்களை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். முன்பதிவின்போதே குழந்தை இருக்கை கேட்டுப் பெறும் வசதியை வாடகைக் கார் நிறுவனங்கள் ஏற்படுத்தித் தர வேண்டும்.