நடைமேம்பாலம்தான் இருக்கே... ஏன் யாரும் ஏற மாட்டேங்கிறாங்க?

சாலையைக் கடந்தவர் மீது கார் மோதியது என்று ஒரு செய்தி வந்தால், கீழே வரும் முதல் கமென்ட் பெரும்பாலும் இதுதான்: “பக்கத்துலயே நடைமேம்பாலம் இருக்கே, ஏறிப் போக வேண்டியதுதானே?”

ஏறிப் பார்த்தால் தெரியும். அடியில் லாரியும் கன்டெய்னரும் போக வேண்டும் என்பதால், சாலைக்கு மேல் சுமார் 5.5 மீட்டர் இடைவெளி விட்டுத்தான் பாலம் கட்டுவார்கள். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் 36 படிகளுக்கு மேல். அத்தனையும் மறுபடி இறங்கவும் வேண்டும். ஓ.எம்.ஆரில் வேலை முடிந்து, எதிர்ப்பக்கம் வந்துவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர் தடுப்புச் சுவரைத் தாண்டத்தான் பார்ப்பார். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு அந்த ‘சாய்ஸ்’கூட கிடையாது. லிஃப்ட் இருக்கே என்பீர்கள். அது ஓடணுமே!

இந்தப் பாலத்தால் உண்மையில் நேரம் மிச்சமாவது அடியில் பிரேக் போடாமல் போகும் வண்டிகளுக்குத்தான்.

எல்லா நடைமேம்பாலமும் வீண் என்று சொல்லிவிட முடியாது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023-ல் திறக்கப்பட்ட 570 மீட்டர் ஆகாய நடைபாதை நல்ல உதாரணம். ரயிலை விட்டு இறங்குபவர் எப்படியும் படி ஏறியாக வேண்டும். ஏறிய உயரத்திலேயே, ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் பஸ் நிலையம் வரை போய்விடலாம். ஆனால், வெறுமனே எதிர்ப்பக்கம் போக நினைப்பவரை மாடி ஏறச் சொல்வது வேறு கதை.

சரி, தரையிலேயே சிக்னலில் கடக்கலாம் என்றால்? ஆறு வழிச்சாலையின் அகலம் நடுத்தடுப்பைச் சேர்க்காமலே சுமார் 21 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடந்தால் 17 விநாடிக்கு மேல் ஆகும். 0.8 மீட்டர் வேகத்தில் நடக்கும் முதியவருக்கு 26 விநாடி. பச்சை 15 விநாடியில் அணைந்தால், அவர் நடுரோட்டில் நிற்பார். அதுவரை உறுமிக்கொண்டிருந்த பைக்குகள் கிளம்பிவிடும்.

அதன்பிறகு எல்லாமே வேகத்தின் கையில். கார் மோதும் வேகம் 50 கி.மீ-யிலிருந்து 65 ஆனால், நடப்பவர் இறக்கும் அபாயம் 4.5 மடங்கு கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,72,890 பேர். அதில் 35,221 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர்!

சட்டமும் கொள்கையும் இல்லாமல் இல்லை. தடையற்ற நடைபாதை என்பது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடக்கம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சென்னை மாநகராட்சி 2014-லேயே போக்குவரத்து பட்ஜெட்டில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கும் கொள்கையை ஏற்றது. பாண்டி பஜாரின் அகலமான நடைபாதை 2019-ல் வந்தது. அதேபோல இன்னும் எத்தனை தெருக்கள் வந்திருக்க வேண்டும்?

அடுத்த பாலத்துக்கு டெண்டர் விடும் முன், அதிகாரிகள் ஒரு மாலை அந்த பஸ் ஸ்டாப்பில் நின்று, மக்கள் எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்று எண்ணட்டும். அந்த இடத்திலேயே சாலையைச் சற்று உயர்த்தி வரிக்கோடு போட்டு, 26 விநாடி பச்சை கொடுக்கலாம். அதற்குப் பாலம் அளவுக்குச் செலவும் ஆகாது.