சினிமா கமாண்டோவும் நிஜ வீரரும்

குழந்தைகளே! சினிமாவில் கமாண்டோ வந்தால் என்ன நடக்கும்? ஒரே ஆள், ஒரே துப்பாக்கி. எதிரிகள் அத்தனை பேரும் காலி! அவர் மேல் ஒரு குண்டும் படாது. சினிமாதானே என்று விட்டுவிடலாம். ஆனால், ஒரு நாட்டின் ராணுவமே கதை கட்டினால்?

அமெரிக்கக் கால்பந்து வீரர் பாட் டில்மன் (பந்தைக் கையில் பிடித்து ஓடுவார்களே, அந்த ஆட்டம்). 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 2002ம் ஆண்டு தம்பி கெவினுடன் ராணுவத்தில் சேர்ந்தார். இருவரும் 'ரேஞ்சர்' என்ற சிறப்புப் படையில் இடம்பெற்றனர்.

2004 ஏப்ரல் 22ம் தேதி, ஆப்கானிஸ்தான் மலைப்பகுதியில் டில்மன் இறந்தார். வயது 27. எதிரிகளின் குண்டுமழையில் வீரமரணம் என்று ராணுவம் சொன்னது. 'வெள்ளி நட்சத்திரம்' பதக்கம் கொடுத்தது. நினைவுக் கூட்டம் டி.வி.யில் ஒளிபரப்பானது.

ஐந்து வாரம் கழித்துதான் உண்மை வெளிவந்தது. அவரைச் சுட்டது அவருடைய சொந்தப் படையினர்!

நடந்தது இதுதான். வண்டி ஒன்று பழுதானதால் படை இரண்டாகப் பிரிந்தது. பின்னால் வந்த பிரிவை எதிரிகள் தாக்கினர். முன்னால் போயிருந்த டில்மன், அவர்களுக்கு உதவ மேட்டில் ஏறினார். மாலை வெளிச்சம் மங்கிய நேரம். பள்ளத்தாக்கிலிருந்து சுட்டபடி வந்தவர்கள், மேட்டில் நிற்பவர்களை எதிரிகள் என்று நினைத்துவிட்டனர். 'நாங்கள் உங்கள் ஆட்கள்தான்' என்று காட்ட டில்மன் புகைக்குண்டு வீசினார். பலனில்லை. அவருடன் நின்ற ஆப்கன் வீரர் ஒருவரும் இறந்தார். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசவே இல்லை.

தம்பி கெவின் அந்தப் பின் பிரிவில்தான் இருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்று தனக்கு உத்தரவு வந்ததாக, உடனிருந்த வீரர் ஒருவர் 2007ம் ஆண்டு சாட்சி சொன்னார்.

உதவிக்கு ஓடியதும் புகைக்குண்டு வீசியதும் நிஜம். இதுவே பெரிய வீரம் இல்லையா? பொய் சேர்த்துப் பளபளப்பாக்க வேண்டிய அவசியம் என்ன?

டில்மனின் அம்மாவும் என்னைப் போல பள்ளி ஆசிரியை. பெயர்களைக் கறுப்பு மையால் மறைத்து ராணுவம் கொடுத்த ஆயிரக்கணக்கான பக்கங்களை, வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்டார். விடைத்தாள் திருத்திய கண்கள் அல்லவா! 2007ம் ஆண்டு நாடாளுமன்றக் குழு விசாரித்தது. மேலதிகாரிகள் பலர், 'நினைவில்லை' என்றே பதில் சொன்னார்கள்.

அதே விசாரணையில் ஜெசிகா லிஞ்ச் என்ற பெண்ணும் பேசினார். 2003ம் ஆண்டு ஈராக்கில் பிடிபட்ட ராணுவ வீராங்கனை அவர். குண்டு தீரும்வரை சுட்டார் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. சிறப்புப் படையினர் அவரை மருத்துவமனையிலிருந்து மீட்ட காட்சியும் டி.வி.யில் வந்தது. ஆனால் தன் துப்பாக்கி பழுதாகிவிட்டது, தான் ஒரு முறைகூடச் சுடவில்லை என்று லிஞ்சே சொல்லிவிட்டார். பிறகு படித்து, அவரும் பள்ளி ஆசிரியை ஆனார்.