வழக்குக்குப் பெயர் கொடுத்தவர்



பழைய தமிழ் சினிமாவைப் பற்றி நாம் எது எழுதினாலும், அடுத்த வாரமே ஒரு கேள்வி தபாலில் வந்துவிடுகிறது: "லட்சுமிகாந்தன் கொலை வழக்கை எப்போது எழுதப் போகிறீர்கள்?" கடிதத்தைப் பிரித்தால் உள்ளே இருப்பது பாகவதரைப் பற்றிய ஏக்கம், மிச்சம் இருந்தால் கலைவாணருக்கு. வழக்குக்குப் பெயர் கொடுத்தவரைப் பற்றி விசாரிப்பவர் அபூர்வம்.

சி. என். லட்சுமிகாந்தன் நம் தொழில்காரர், பத்திரிகையாசிரியர். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ‘சினிமா தூது’வில் நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதி விற்றவர். எழுதாமல் இருக்கவும் பணம் வாங்கினார் என்று பேச்சு உண்டு. திரையுலகத்தார் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள், உரிமம் பறிபோனது. ‘இந்து நேசன்’ என்று வேறொரு பத்திரிகையைக் கையில் எடுத்து, அதே எழுத்தைத் தொடர்ந்தார். அதுவும் நன்றாகவே விற்றது. வாங்கிப் படித்தவர்கள் யார் என்று கேட்டால், நம் தாத்தாக்கள்தான்.

1944 நவம்பர் 8ஆம் தேதி, வேப்பேரிப் பக்கம் கைரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் காலை ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. டிசம்பரில் நடிகர்கள் எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் வழக்கில் சேர்க்கப்பட்டார். அந்தத் தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. மூன்று தீபாவளி கண்ட படம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதில் பின்னிரண்டு தீபாவளிக்கும் அதன் கதாநாயகர் பாகவதர் சிறையில் இருந்தார்.

சென்னை நகரத்துக் கொலை வழக்குகள் அப்போது உயர்நீதிமன்றத்திலேயே ஜூரிகளுடன் விசாரிக்கப்பட்டன. நீதிபதி மாக்கெட் முன் விசாரணை நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் வாதாட கே. எம். முன்ஷி வந்தார். நாயுடு விடுதலையானார். மற்ற இருவரையும் ஒன்பது ஜூரிகளில் ஆறு பேர் குற்றவாளிகள் என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கூடுதலாக மூன்று தலை ஆட்டியதில் ஒரு மனிதரின் ஆயுள் அடங்கிவிட்டதே என்று எனக்கு இன்றைக்கும் பதறுகிறது. ஜூரி முறை இந்த நாட்டை விட்டுப் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

உயர்நீதிமன்ற மேல்முறையீடும் தள்ளுபடியானது. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில். அங்கே விடுதலையும் தரவில்லை, தண்டனையை உறுதி செய்யவும் இல்லை. மேல்முறையீட்டை மறுபடி விசாரியுங்கள் என்று சென்னைக்கே திருப்பி அனுப்பினார்கள். இம்முறை வி. எல். எத்திராஜ் வாதாட, நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் இருவரும் சாட்சியங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். அரசுத் தரப்பின் சாட்சியம் நிற்கவில்லை. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை.

மறுவிசாரணையில் பார்க்க முடிந்ததை முதல் மேல்முறையீட்டிலேயே பார்த்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். கைதானதிலிருந்து போனது இரண்டு வருஷத்துக்கும் மேல். கலைவாணர் வெளியே வந்ததும் எழுந்து நின்றுவிட்டார், மனைவி டி. ஏ. மதுரம் தொழிலை விடாமல் காத்திருந்தார், ‘பைத்தியக்காரன்’ படத்தில் கலைவாணருக்கு ஒரு வேடம் சேர்க்கப்பட்டது, பிறகு ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று வரிசையாக வந்தன. பாகவதருக்கு அது வாய்க்கவில்லை. ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’ என்று படங்கள் வந்தன, கூட்டம் வரவில்லை. 1959இல், ஐம்பது வயது நிறையும் முன்பே, லட்சுமிகாந்தன் இறந்த அதே ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார்.

குத்தியது யார்? அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றத்திலிருந்தும் கடைசிவரை பதில் வரவில்லை. நடிகர்கள் விடுதலையானதோடு ஊரும் அதைக் கேட்பதை விட்டுவிட்டது. செத்தவர் யோக்கியரில்லை என்பதால் அவர் கொலை சின்ன விஷயமாகிவிடுமா?

ஆகவே வழக்கைப் பற்றிய தொடரை அடுத்த இதழில் அவரிடமிருந்தே தொடங்குகிறோம். ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ பிரதிகள் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் ஒரு வரி எழுதுங்கள். நேரில் வந்து பார்த்து, படமெடுத்துக்கொண்டு, பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்